நாலு கல்லுக்கு ஒரு பூ

எனக்கு வாய் நீளம். அம்மா சொல்லியிருக்கிறாள், பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருக்கிறார்கள், என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். யாரும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. திறக்க வேண்டிய நேரத்தில் அந்த வாய் திறக்காது. அதை நானேதான் சொல்லியாக வேண்டும்.

திண்டிவனத்தில் அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஓமந்தூர், கிளியனூர் பக்கம் கிணற்று மோட்டார் புகைந்துபோனால் சைக்கிள் கேரியரில் கட்டித் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்றுவார். எண்ணும்போது யாராவது பேசினால் கெட்ட கோபம் வரும். அளவையெல்லாம் இடது முன்கையில் பேனாவால் குறித்துக்கொள்வார். காகிதம் தொலைந்துபோகும், கை தொலைந்துபோகாது என்பார். குளித்தாலும் அந்த நீல மை முழுசாகப் போகாது. கடைச் சுவரில் ஓர் ஆணியில் வளையல் மாட்டியது மாதிரி இன்சுலேஷன் டேப்பு தொங்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு, பச்சை. கம்பிக்குக் கம்பி நிறம் மாற்றிச் சுற்ற அது வேண்டும்.

எங்கள் வீட்டு பாத்ரூம் கொல்லையில் இருந்தது. செங்கல் சுவர், மேலே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, டின்னை அடித்துத் தட்டையாக்கிச் செய்த கதவு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாகத் துண்டை மேலே போடுவோம். இருபத்திரண்டு வருஷம் அதில்தான் குளித்தேன். ஒரு நாளும் எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு அரசாங்க ஆபீசில் வேலை. மாமனார் உயிரோடு இல்லை. அவர் கட்டிவிட்டுப் போன வீட்டில் மாமியாரும் மகனும்தான். அந்த வீட்டு பாத்ரூமில் தோள் உயரத்துக்கு டைல்ஸ் பதித்திருந்தது. அந்தத் தெருவிலேயே அப்படி வேறு வீடு இல்லையாம். வெள்ளைக் கல், நெஞ்சு உயரத்தில் நீலத்தில் ஒரு வரிசை, அதற்குக் கீழே நாலு கல்லுக்கு ஒரு கல் பூப் போட்டது. மாமியார் தினமும் அதை ஒரு துணியால் துடைப்பார். சாமி படத்தைக்கூட அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

கல்யாணமாகி மூன்றாம் நாள் காலை. தோளில் துண்டோடு உள்ளே போகப் போனவளை மாமியார் நிறுத்தினார்.

"பாத்துப் போம்மா. கல்லு வழுக்கும். பழக்கமில்லாதவங்க வுழுந்துடுவாங்க."

அவர் அக்கறையாகத்தான் சொல்லியிருப்பார். இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. இந்த வாய் சும்மா இருந்ததா?

"பழக்கந்தான் அத்தை. எங்க வூட்லயும் டைல்ஸ்தான். இதே மாதிரி பூப் போட்டது."

"அப்பிடியா? பொண்ணு பாக்க வந்தப்ப எங் கண்ணுல படலையே."

"பின்னால கொல்லைல இருக்குது அத்தை."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிய பிறகுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்த நுணல் நான்தான். இன்னும் ஐந்து மாதத்தில் தலைதீபாவளி. மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்தே ஆக வேண்டும். எந்த பாத்ரூமில் குளிப்பார்?

ஆடிக்கு அப்பா வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். அந்த ஒரு மாதமும் அவர் பிராணனை வாங்கினேன். அம்மாவிடம் சொன்னால் விளக்குமாறு எடுப்பாள் என்று தெரியும், அதனால் கடைக்கே போய் அழுதேன். அப்பா எண்ணிக்கொண்டிருந்த சுற்றை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா அப்பிடிச் சொன்னே?"

"சொல்லிட்டேம்ப்பா. இப்ப இன்னா பண்ணச் சொல்றே? தீவாளிக்கு அவர் வந்து பாத்தார்னா எம் மானம் கப்பலேறிடும். அந்தம்மா ஊரு பூரா சொல்லும். காலம் பூரா நான் பொய் சொன்னவதான் அந்த வூட்ல."

"டைல்ஸ் போடறதுன்னா நம்மால ஆவாதும்மா. கல்யாணம் இப்பத்தான முடிஞ்சுது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

அப்பா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். பிறகு, "சரி வுடு, பாத்துக்கலாம்" என்றார். விட்ட சுற்றிலிருந்து தொடர முடியாமல் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அப்பா விழுப்புரம் வந்தார். மாப்பிள்ளையை முறைப்படி அழைக்கத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, அவர்தானா என்று பார்க்கிற அளவுக்குச் சுத்தமாக இருந்தார். மாமியார் காபி கொடுத்தார். குடித்து முடித்ததும் அப்பா கூச்சத்தோடு என்னைப் பார்த்து, "பாத்ரூம் எந்தப் பக்கம்மா?" என்றார்.

போனவர் போனவர்தான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் இல்லை. இருபது நிமிஷம் ஆயிற்று. மாமியார் கூடத்துக்கும் சமையலறைக்குமாக இரண்டு தடவை நடந்துவிட்டு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, உங்கப்பாவுக்கு வயித்துல ஏதாவது கோளாறா? இல்ல, கல்லைப் பாத்துக்கினு நின்னுட்டாரா? உங்க வூட்லதான் இதே மாதிரி இருக்குதே."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அரை மணி கழித்து அப்பா வெளியே வந்தார். சட்டையின் இடது கையை அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குள் முன்கையில் புதிதாக நீல மை தெரிந்தது. ஏதோ மோட்டார் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனை வரைக்கும் கூட நடந்தேன். மாமியார் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அவ்ளோ நேரம் உள்ள இன்னாப்பா பண்ணிக்கினு இருந்தே? அந்தம்மா கேக்கறாங்க, எனக்கு மானமே போவுது."

"வயிறு சரியில்லமா."

"வயிறு சரியில்லன்னா பஸ் ஸ்டாண்டுல போய்ட்டு வர வேண்டியதுதானே? இங்க வந்துதான் போவணுமா?"

பெற்ற அப்பனிடம் சொன்னேன் இதை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிம்மா, இனிமே அப்பிடியே பண்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம். கிளம்பும்போது மாமியார் வாசலில் நின்று மகனிடம், "உம் மாமியார் வூட்டு டைல்ஸ் பாத்ரூம்ல நல்லா குளிச்சுட்டு வந்து எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லுடா" என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்கு ஓடினேன்.

பாத்ரூமுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே ஒரு பல்பு தொங்கியது. ஸ்விட்சைப் போட்டதும் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். சுவர் முழுக்க வெள்ளைக் கல். நெஞ்சு உயரத்தில் நீல வரிசை. அதற்குக் கீழே நாலு கல்லுக்கு ஒரு பூ.

கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். டேப்பு. சுவருக்கு வழவழவென்று வெள்ளை எனாமல் பெயிண்ட் அடித்து, கருப்பு டேப்பை பிளேடால் நூல் நூலாகக் கிழித்துக் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒட்டியிருந்தார். அதுதான் கல்லுக்குக் கல் இருக்கிற இடுக்கு. நீல டேப்பை அடுக்கி அந்த நீல வரிசை. பூவுக்குச் சிவப்பில் ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு, பச்சையில் இரண்டு இலை. விழுப்புரத்துப் பூவுக்கும் ஐந்து இதழ்தான், இரண்டு இலைதான். அளவு ஒரு நூல் மாறவில்லை. அந்த அரை மணி நேரம் அப்பா அந்த பாத்ரூமில் என்ன செய்தார் என்பதும், கையில் இருந்த மை எந்தக் கணக்கு என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அம்மா பின்னாலேயே வந்து நின்றாள். "பத்து நாளா கடைய மூடினா இதே வேலை. உக்காந்து உக்காந்து வெட்டிக்கினு, கண்ணு செவந்துபோச்சு. கூப்ட்டா சோத்துக்கு வர்றதில்ல. இன்னாத்துக்கு இந்த பேஜாருன்னு கேட்டா சிரிக்கறாரு."

விளங்கிய பிறகாவது நான் அப்பாவின் கையைப் பிடித்திருக்க வேண்டும். தெருமுனையில் சொன்னதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: தப்பித்தேன். அதோடு விட்டேனா? அப்பா வந்து பெருமையாக நின்றபோது, "அந்த மூலைல கோடு கோணலா இருக்குதுப்பா" என்றேன். அவர் உடனே பிளேடை எடுத்துக்கொண்டு வந்து சரிசெய்தார்.

சரிசெய்துவிட்டு ஒன்று சொன்னார். "இந்தாம்மா, மாப்ளைக்குத் தண்ணி வெதவெதன்னு இருந்தா போதும். ஆவி பட்டா பசை வுட்டுக்கும். காலையில அம்மாவாண்ட சொல்லி வெச்சுடு."

"அவருக்குக் கொதிக்கக் கொதிக்க இருக்கணும்ப்பா. இல்லாட்டி எண்ணெய் போவலன்னு சொல்லுவாரு. நீ சும்மா இரு."

அவர் வாழ்நாளெல்லாம் டேப்போடு புழங்கியவர். நான் அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன்.

விடிந்தும் விடியாமல் தெருவெல்லாம் பட்டாசு. அம்மா மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் வைத்தாள். அவர் உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டு, சீயக்காய்க் கிண்ணத்தோடு உள்ளே போனார். கொதிக்கிற தண்ணீர் மூன்று தவலை நானே உள்ளே வைத்தேன். தாழ்ப்பாள் விழுந்தது. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் ஆவி புகைபுகையாக வந்துகொண்டிருந்தது. அப்பா துளசி மாடத்தின் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

பலகாரத் தட்டோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கொல்லை வழியாக வந்து சேர்ந்தார்கள். புது மாப்பிள்ளையைப் பார்க்கிற ஆசை. சரியாக அந்த நேரத்தில் உள்ளேயிருந்து, "ஐயோ, இன்னாது இது!" என்று சத்தம். தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு துண்டைப் பிடித்தபடி அவர் வெளியே வந்தார்.

எண்ணெய் முழுசாகப் போகாத முதுகில் கருப்புக் கோடுகள் நீள நீளமாக ஒட்டித் தொங்கின. தலையில் ஒரு பச்சை இலை. நீல டேப்பு தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் வந்திருந்தது. வலது கன்னத்தில் ஒரு சிவப்பு இதழ். வந்திருந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் தட்டோடு திரும்பிக்கொண்டாள். உள்ளே சுவரில் பாதி டேப்பு கொடி மாதிரி தொங்கியது, மீதி தரையில் சீயக்காய்த் தண்ணீரில் மிதந்தது.

"சுவரு உரிஞ்சு மேல வுழுது! டைல்ஸ்னு சொன்னியே, இதானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்து என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொன்னேனா, தானாக வந்ததா என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். எப்படி வந்தால் என்ன, வந்தது.

"எனக்குத் தெரியாதுங்க! அப்பாதான் டைல்ஸ் போட்டாச்சு, போட்டாச்சுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. கல்யாணத்துக்கு முன்னாலயே வேலை நடக்குதுன்னாரு. அதை நம்பித்தான் அத்தை கிட்ட நான் சொன்னேன். என்னையும் சேர்த்து ஏமாத்திட்டாருங்க."

அம்மா, "அடிப்பாவி" என்று ஆரம்பித்தாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னையும் ஒரே ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு வருஷம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆமா மாப்ள" என்றார். "பாப்பா மேல தப்பில்ல. நாந்தான் பெருமைக்குப் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

சொல்லிவிட்டுக் கிட்டே போய், குழந்தைக்குச் செய்வது மாதிரி மாப்பிள்ளை முதுகிலிருந்த டேப்பை ஒவ்வொன்றாக, வலிக்காமல், ஓரத்தைத் தூக்கித் தூக்கி உரித்தெடுத்தார். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் முறைப்பாக நின்றார், பிறகு கன்னத்திலிருந்த இதழைத் தானே எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க மாமா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

என் மானம் தப்பித்தது. விழுப்புரத்தில் ஒருவரும் என்னைப் பொய் சொன்னவள் என்று சொல்லவில்லை. "பாவம், பெத்த பொண்ணையே ஏமாத்தியிருக்கறாரு" என்றார் மாமியார். பெண்ணைப் பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்த மனுஷன் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். அந்த வீட்டில் அப்பாவுக்கு 'டேப்பு சம்மந்தி' என்று பேரே விழுந்தது. அப்பா காதில் படவே கூப்பிட்டார்கள். அவர் சிரித்துக்கொள்வார். தீபாவளி வந்தால் வீட்டுக்காரர் அந்தக் கதையை எடுப்பார். முதுகைக் காட்டி, கன்னத்தைக் காட்டி, நடித்தே காட்டுவார். ஒவ்வொரு தடவையும் நான் சிரிப்பேன். சரியான இடத்தில் சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

அப்பாவிடம் தனியாக ஒரு தடவை பேச முயன்றேன். முதல் பிரசவத்துக்குத் திண்டிவனம் போயிருந்தபோது. பாத்ரூம் சுவரில் எனாமல் அப்படியே இருந்தது, டேப்பின் தடம் மட்டும் கட்டம் கட்டமாகப் பழுப்பாக நின்றது. அம்மா எத்தனை தேய்த்தும் போகவில்லையாம். "அன்னிக்கு நான் அப்பிடிச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். "பழசையெல்லாம் ஏம்மா கிளறிக்கினு, நீ ஜல்தியா சாப்புட்டுப் படு" என்றார். சொல்லவிடவில்லை என்று அன்றைக்கு அவர் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன். சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல என்று எனக்குத் தெரியாதா?

சொல்ல வேண்டிய இடம் ஒரு நாள் அதுவாகவே வந்தது. மகளுக்கு ஐந்து வயது, எண்பதுகள் முடியப்போகிற சமயம். பொங்கல் சீர் கொடுக்க அப்பா விழுப்புரம் வந்திருந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு பை மல்லாட்டைக் கடலை. கூடத்தில் மாமியார், வீட்டுக்காரர், அப்பா மடியில் மகள். வீட்டுக்காரர் மகளுக்காக அந்தக் கதையை முதலிலிருந்து நடித்துக் காட்டினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அப்பாவின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏன் தாத்தா எங்கம்மா கிட்ட பொய் சொன்னே?"

"தாத்தாவுக்கு அப்ப அறிவில்லமா."

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திடும், தெரியுமா?"

"தெரியும் கண்ணு. இனிமே சொல்லமாட்டேன்."

நான் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். எல்லாரும் இருந்தார்கள். ஒரு வரி போதும்: பொய் சொன்னது நான்தான். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. நான் அவர் பார்வையைச் சந்திக்க வேண்டி வரக்கூடாது என்று பேத்தியின் கொலுசைத் திருகிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன்.

"காபி ஆறிடப் போவுது, குடிப்பா" என்றேன்.

குடித்தார். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். மாமியாரிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லிக்கொண்டார். இவ்வளவு வருஷத்தில் அவர் எத்தனையோ தடவை இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறார், அந்த முதல் தடவைக்குப் பிறகு ஒரு தடவையும் பாத்ரூம் பக்கம் போனதில்லை என்பது அன்றைக்குத்தான் என் புத்திக்கு எட்டியது. செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"காலைல கெளம்புனவரு நீ. பாத்ரூம் போய்ட்டுப் போயேம்ப்பா."

"வேணாம்மா" என்றார். "நான் பஸ் ஸ்டாண்டுலயே போய்க்கிறேன்."